பதில்: ‘கெட்டில்’ – பருந்துச் சுழி என்று சொல்லலாமா?

வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலின் எய்லாத்தில் 2014இல் தொடங்கிய பறவைப் பந்தயத்தைப் (பறவைகள் ஓடும் பந்தயம் இல்லை, ஒரே நாளில் யார் அதிக இனங்களைப் பார்க்கிறார்கள் என்ற அணிகளின் போட்டி) பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதும்போது மாட்டிக்கொண்ட சொல் இது. வலசை போகும் பருந்துகள் சூடேறி மேலெழும் காற்றைப் பிடித்துக்கொண்டு, இறக்கையடிக்காமல், கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஏறும். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கெட்டில் என்று பெயர்.

‘கெண்டி’ என்றவர் விளையாட்டாகச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ‘வட்டம்’ எனக்கும் பிடித்ததுதான். பருந்து வட்டம் போடுகிறது என்றுதானே ஊரில் சொல்கிறோம். ஆனால் ‘எய்லாத் மலைப்பகுதியில் மூன்று வட்டங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன், தாசில்தார் அலுவலகம்தான் கண்ணுக்குள் வந்தது. ‘சுழல்திரள்’ பொருளில் சரி. இலக்கணம் பார்த்துப் புணர்த்தினால் ‘சுழற்றிரள்’ ஆகிவிடும். அதற்குக் கெட்டிலே தேவலை.

என் பரிந்துரை ‘சுழி’. ஆற்றில் நீர் சுழலும் இடத்தைக் காட்ட ஏற்கெனவே புழங்கும் சொல். அதைத் தலைகீழாக வானத்தில் வைத்துப் பாருங்கள், பருந்துச் சுழி.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும் என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது. பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு மேலே கள்ளப்பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. எண்ணினேன், 27. மறுபடி எண்ணினால் 31. மூன்றாம் முறை 24. ஒன்று மற்றொன்றுக்குப் பின்னால் மறைகிறது, எண்ணியதே திரும்பி வருகிறது, கழுத்து வலிதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் உச்சிக்குப் போனவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, இறக்கையை விரித்தபடி தெற்கே வரிசையாகச் சறுக்கின. அப்போது எண்ணினேன். 29, சந்தேகமே இல்லை.

ஜார்ஜியாவின் படுமியில் எண்ணுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கு வழியாக இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொன்றுண்ணிகள் (பருந்து, கழுகு போன்ற வேட்டைப் பறவைகள்) போகின்றன. கடலுக்கு மேல் சூடான காற்று சரியாக எழும்பாது, அதனால் கரையோரமாக நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. எண்ணுகிறவர்கள் 2008 முதல் குன்றுகளின் மேல் கையடக்க எண்ணியோடு நின்று, சுழியிலிருந்து கழன்று வரிசையாகப் போகும்போதுதான் சொடுக்குகிறார்கள். அந்த வரிசைக்கு இந்த இழையில் ஐயா ஒருவர் ‘ஒழுக்கு’ என்றார்கள், புறநானூற்றில் எறும்பின் சில்லொழுக்கு வருவதையும் காட்டினார்கள். அழகுதான். ஆனால் இன்று ஒழுக்கு என்றால் கூரைக்குக் கீழே வாளி வைக்க வேண்டியிருக்கும். எறும்புக்கு நாம் இப்போது சொல்லும் ‘சாரை’யே இருக்கட்டுமே. பருந்துச் சாரை. பாம்பு நினைவுக்கு வந்தால் வரட்டும், வளைந்து நெளிந்துதான் போகிறது.

இரண்டும் பந்தயத்துக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று கேட்டிருந்தார்கள். எய்லாத்தில் நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் அணிகள் எத்தனை இனம் பார்த்தன என்பதுதான் கணக்கு, எத்தனை பறவை என்பது இல்லை. ஆயிரம் புல்வெளி வைரிகள் (பருந்து போன்ற ஓர் இனம்) சுற்றினாலும் பட்டியலில் ஒரே வரி. அதற்குள் நிறம் மங்கிய ஒரு கழுகு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பந்தயமே. ஆக, போட்டிக்காரர் சுழியில் தேடுவார், கணக்கெடுப்பவர் சாரையில் எண்ணுவார். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் விதிமுறையே புரியாது. முதல் ஆண்டில் இந்தப் பந்தயத்தில் திரண்ட பணம் ஜார்ஜியாவில் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கப் போனது. அதனால் கட்டுரையில் இரண்டு இடமும் வந்தே ஆக வேண்டும்.

சுழி என்றால் பூஜ்யம் என்றும் பொருளுண்டு, எண்ணிக்கைத் தாளில் ‘சுழி: 3’ என்று இருந்தால் குழப்பம் வராதா என்ற கேள்வி நியாயமானது. அங்கே மட்டும் முழுசாகப் ‘பருந்துச் சுழி’ என்று போட்டுவிடலாம்.

‘கொன்றுண்ணி’யை மாற்ற வேண்டாம். அந்த வகையில் சேரும் பாறு (பிணந்தின்னிக் கழுகு) செத்ததைத் தின்னும், சேராத மீன்கொத்தி கொன்று தின்னும், இரண்டும் தெரிந்ததுதான். புழக்கத்தில் வந்துவிட்ட சொல்லைக் கலைக்க எனக்குத் தெம்பில்லை.

அப்புறம், அணி பார்க்கும் ஓர் இனத்துக்கு இவ்வளவு என்று ஆதரவாளர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் தொகைக்கும் ஒரு சொல் வேண்டும். நியூ ஜெர்சியில் 1984இல் தொடங்கிய பந்தயத்தில் இப்படித்தான் பணம் திரட்டுகிறார்கள். ‘மொய்’ என்ற யோசனையை ரசித்தேன், ஆனால் மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டுமே! ‘இனவாரிக் கொடை’ என்று எழுதியிருக்கிறேன்.

இன்னும் நிற்பது அந்த மேலெழும் காற்றின் பெயர். ‘வெப்பக்காற்றுத் தூண்’ நீளம், ‘அனல்தூண்’ கேட்டால் பயமாக இருக்கிறது. பட்டம் விடுகிறவர்கள், கடலோரக்காரர்கள் இதற்கு ஏதாவது சொல்கிறார்களா?

அன்புடன்.