பிரிவுத் தலைமைக்கு யார்: கூர்மதி உள்ளவரா, செல்வாக்கு உள்ளவரா?

வழித்துணை:

எங்கள் நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவின் தலைவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு உள்ளிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். இறுதிச் சுற்றில் இருப்பவர்கள் இருவர். முதலாமவர் தொழில்நுட்பத்திலும் கணக்கிலும் எங்களிடையே நிகரற்றவர். பல பக்க விலை மதிப்பீட்டைக் கையில் கொடுத்தால் பிழை இருக்கும் வரிக்கு நேராகப் போய் நிற்பார். ஆனால் கூட்டத்தில் அவர் பேசி முடித்தபின் வேறு எவரும் வாய் திறப்பதில்லை. இரண்டாமவரின் தொழில்நுட்ப அறிவு நடுத்தரமானது. எனினும் இரண்டு துறைகள் முட்டிக்கொள்ளும்போது, அவருக்குக் கீழே வராத அந்த இரு துறையினரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

என் வாக்கு இரண்டாமவருக்கே. சமூக உளவியலாளர்கள் ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் 1959இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், ஒருவர்மீது பிறர் கொள்ளும் மதிப்பும் பற்றும். முதல் மூன்றும் நாற்காலியோடு வருபவை. நியமன ஆணை வெளியான அன்றே யாருக்கும் கிடைத்துவிடும். கடைசியில் உள்ளதை எந்த ஆணையாலும் வழங்க முடியாது. அதை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருப்பவரிடம் நாற்காலியை ஒப்படைப்பதே முறை என்று கருதுகிறேன்.

அளவுகோல்:

நீங்கள் காட்டிய பட்டியலில் நான்காவதைக் கடந்து போய்விட்டீர்கள். நிபுணத்துவத்தையும் எந்த ஆணையாலும் வழங்க முடியாது. அது முதலாமவரிடம்தான் இருக்கிறது. ஆக, இருவரிடமும் நாற்காலி தராத ஓர் அதிகாரம் உண்டு. எது வேலைக்கு உதவும் என்பதே கேள்வி. ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பொது அறிவுத்திறனுக்கும் பணியில் காட்டும் திறமைக்கும் இடையிலான தொடர்பு 0.51 என்று கணக்கிட்டார்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு).

செல்வாக்குக்கு அடிப்படையாகப் பலர் சொல்லும் ‘உணர்வுசார் நுண்ணறிவு’, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறன், என்பதை உளவியலாளர்கள் சாலவேயும் மேயரும் 1990இல் அளவோடுதான் வரையறுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மனின் நூல் வந்தபின், சான்று செல்லாத தூரத்துக்கெல்லாம் அந்தச் சொல் போய்விட்டது. மேலும், பிறர் மனத்தைப் படிக்கத் தெரிந்தவர் அதை நன்மைக்கே பயன்படுத்துவார் என்பதற்கு உறுதி ஏது? ஸ்டெஃபான் கோத்தேயும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் காட்டியது நேர் எதிரானது: சூழ்ச்சி மனப்பான்மை உடையவர்களிடம் உணர்வுகளைக் கையாளும் அறிவு கூடும்போது, உடன் பணிபுரிவோருக்கு அவர்கள் இழைக்கும் தீங்கும் கூடுகிறது.

மறுகரை:

0.51 என்ற எண்ணை இன்று அப்படியே எடுத்தாள முடியாது. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் பழைய கணக்கில் எண்ணை உயர்த்தித் திருத்திய முறையே மிகையானது என்று காட்டி, அதை 0.31 ஆகக் குறைத்தார்கள். அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல் 0.42 உடன் முதலிடத்துக்கு வந்தது. தவிர, அன்டோனாகிஸ் முதலியோர் 379 மேலாளர்களை ஆராய்ந்து 2017இல் எழுதியதில், நுண்ணறிவு ஈவு (IQ) 120 வரை ஏறும்போது தலைமை பற்றிய மதிப்பும் ஏறுகிறது. அதற்கு மேல் இறங்கத் தொடங்குகிறது.

அளவுகோல்:

0.31 ஆனாலும் அது சிறிய எண் அன்று. அந்த 2017 ஆய்வு அளந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும்: சுற்றியிருப்போர் அந்த மேலாளரை எப்படி மதிப்பிட்டார்கள் என்பதைத்தான், அவருடைய பிரிவு என்ன ஈட்டியது என்பதை அன்று. ஒருவரை மற்றவர்களுக்குப் புரியவில்லை என்பதாலேயே அவருடைய முடிவு தவறாகிவிடாது.

மறுகரை:

புரியாத முடிவை நிறைவேற்றப்போகிறவர்களும் அதே மற்றவர்கள்தாமே. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தலைவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று இருவரும் வாதிடுகிறீர்கள். அந்தத் தலைக்கு எந்தச் செய்தி வந்து சேர்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

2006இல் ஆலன் முலாலி போயிங்கிலிருந்து ஃபோர்டுக்குத் தலைமை நிர்வாகியாக வந்தார். அந்த ஆண்டு நிறுவனம் 1,200 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. வியாழக்கிழமைதோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் தத்தம் பணிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறித்துக் காட்ட வேண்டும் என்று விதித்தார். வாரக்கணக்கில் எல்லாமே பச்சையாக வந்தன. எதிலாவது சிக்கல் இல்லையா என்று அவரே கேட்க வேண்டியதாயிற்று. பின்பொரு வாரம், அமெரிக்கப் பிரிவைக் கவனித்துவந்த மார்க் ஃபீல்ட்ஸ், சந்தைக்குப் போகவிருந்த எட்ஜ் காரில் கோளாறு இருந்ததால் அதன் வெளியீட்டுக்குச் சிவப்பு வைத்தார். அறை அமைதியாயிற்று, அவர் வேலை போயிற்று என்றே பலர் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆளும் யோசனையும் தர முன்வந்தார்கள். அடுத்த சில வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தோன்றின.

அங்கே வேலை செய்தது கனிவு மட்டுமன்று, பதவியின் அதிகாரமும்தான். வராமல் இருக்க முடியாத கூட்டம். மறைக்காதவருக்குத் தண்டனை இல்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டக்கூடிய நாற்காலி. இது இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நோக்கியா சான்று. அங்கே இடைநிலை மேலாளர்கள் சிம்பியன் என்ற கைபேசி மென்பொருளின் குறைகளை அறிந்திருந்தும் மேலிடத்துக்கு அஞ்சி மெல்லப் பூசி மெழுகியதை ஹுய், வூரி ஆகியோர் 76 நேர்காணல்களைக் கொண்டு 2016இல் பதிவு செய்தார்கள். அறிவு கீழே இருந்தது, மேலே ஏறவில்லை.

வழித்துணை:

நான் சொல்லத் தடுமாறியதை இந்தக் கூட்டம் தெளிவாகக் காட்டுகிறது. எங்கள் முதலாமவரின் கூட்டத்தில் யாரும் சிவப்பு வைக்க மாட்டார்கள்.

அளவுகோல்:

முலாலி வானூர்திப் பொறியாளர்; போயிங் 777 திட்டத்தை நடத்தியவர். சிவப்பு எதைக் குறிக்கிறது என்று படிக்கத் தெரிந்த மூளை அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருந்தது. புரியாதவர் கைதட்டினால் அது நல்லெண்ணம் மட்டுமே.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய தொலைபேசிக் கூட்டத்தில், ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஏவக் கூடாது என்றார்கள். அவர்களில் ஒருவரான ராஜர் பாய்ஜாலி, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கசிந்ததற்கான புகைப்படங்களை எடுத்து வைத்து வாதாடினார். நாசா அதிகாரிகள் அதிருப்தி தெரிவித்ததும், நிறுவனத்தார் தனியே பேசிவிட்டு முடிவை மாற்றினார்கள். மறுநாள் காலை விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அறிவு இருந்தவர்களிடம் அதிகாரம் இல்லை. அதனால்தான் புரிந்தவரையே நாற்காலியில் அமர்த்துங்கள் என்கிறேன்.

மறுகரை:

அந்தத் தனிப்பேச்சில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலாளர் மேசன், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாண்மைத் தொப்பியை அணியுமாறு ராபர்ட் லண்டிடம் சொன்னார். லண்ட் யார்? பொறியியல் துறையின் துணைத் தலைவர். ஏவ வேண்டாம் என்ற பரிந்துரைக்குச் சிறிது நேரம் முன்புவரை துணை நின்றவர். புரிந்தவர் நாற்காலியில்தான் இருந்தார். அந்த நாற்காலியே அவரை வளைத்தது. எனவே உங்கள் எடுத்துக்காட்டு உங்கள் முடிவுக்கு வலுச் சேர்க்கவில்லை.

அளவுகோல்:

அப்படியானால் அது இரண்டாமவருக்கு எதிராகவும் பேசுகிறது. லண்ட் வளைந்தது அறிவுக் குறையால் அன்று; எதிரே இருந்தவர்களை மறுத்துச் சொல்ல இயலாததால். மெக்லெல்லாண்டும் பர்ன்ஹாமும் 1976இல் எழுதியது நினைவுக்கு வருகிறது: நல்ல மேலாளர்களிடம் பிறருக்குப் பிடித்தவராக இருக்கும் விருப்பத்தைவிட அதிகாரத்தின் மீதான நாட்டமே மேலோங்கியிருக்கும், அந்த நாட்டம் தன்னலத்துக்கு அன்றி நிறுவனத்துக்குப் பயன்படும்படி அடக்கப்பட்டிருக்கும். இரு துறையினரும் உங்கள் இரண்டாமவரைக் கூப்பிடுகிறார்கள் என்றீர்கள். அவர் எவரையும் மறுப்பதில்லை என்பதால் கூப்பிடுகிறார்களா?

வழித்துணை:

இல்லை. சென்ற முறை கொள்முதல் துறை விலை குறைந்த விநியோகஸ்தருக்கு மாற விரும்பியது. தரக் கட்டுப்பாட்டுத் துறை எதிர்த்தது. இவர் அந்த விநியோகஸ்தரின் மாதிரிச் சரக்குகள் திருப்பி அனுப்பப்பட்ட பதிவேட்டை எடுத்துக்கொண்டு கொள்முதல் துறைக்கே நேரில் போய், பக்கம் பக்கமாகக் காட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த சிக்கலுக்கும் கொள்முதல் துறையினர் அவரைத்தான் அழைத்தார்கள். மறுத்த பிறகும் அழைக்கப்படுவதைத்தான் நான் செல்வாக்கு என்கிறேன்.

மறுகரை:

இதைக் குழு உங்கள் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. இருவரின் கீழும் வேலை செய்தவர்களைத் தனித்தனியே அழைத்து, கடைசியாக இவரிடம் எந்தக் கெட்ட செய்தியைக் கொண்டுபோனீர்கள், அடுத்து என்ன நடந்தது என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதிலே வராத இடமும் பதில்தான்.

அளவுகோல்:

அந்தக் கேள்வியை வரவேற்கிறேன். அதோடு இன்னொன்றும் வேண்டும்: பிழையுள்ள ஒரே மதிப்பீட்டை இருவரிடமும் கொடுத்து, தனியறையில், யாரையும் கேட்காமல் படிக்கச் சொல்லுங்கள்.

வழித்துணை:

மதிப்பீட்டைக் கொடுக்கக் குழுவிடம் சொல்கிறேன். யாரையும் கேட்கக் கூடாது என்ற விதிக்கு உடன்பட மாட்டேன். இரண்டாமவர் உள்ளே நுழைந்ததும் கணக்குப் பிரிவில் யாரைக் கூப்பிடுகிறார், அவர்கள் எத்தனை விரைவாக வருகிறார்கள் என்பதும் தேர்வின் பகுதியாக இருக்க வேண்டும்.

அளவுகோல்:

நள்ளிரவுத் தொலைபேசிக் கூட்டத்தில் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். விதி இருந்தே ஆக வேண்டும்.