பழைய மாதிரி நீராவி எஞ்சினைச் சீர்செய்த அனுபவம்: சுற்றுக்கு ஒருமுறை தடுக்கியதன் காரணம்

பலகாலம் ஓடித் தேய்ந்த மாதிரி நீராவி ரயில் எஞ்சின் ஒன்றை வாங்கி, அண்மையில் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். 1:76 அளவில் அமைந்து, 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் ஓடும் வகை அது; பக்கத்துக்கு மூன்று இயக்குச் சக்கரங்கள் உண்டு.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் அடிச்சட்டத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் மாசாகக் கலந்திருந்தால், காலப்போக்கில் உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, உப்பி, விரிசல்விட்டு உதிரத் தொடங்கும். அதைத் திருத்த வழியே கிடையாது. விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே திருகுகளைக் கழற்றினேன்.

மோட்டாரில் வேலை அதிகமில்லை. சுழலும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்யூட்டேட்டரின் மூன்று தகடுகளுக்கு இடையே கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருந்தன. பல்குத்தும் குச்சியால் அவற்றைச் சுரண்டியெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் செம்பின் நிறம் வெளிப்பட்டது. ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் கம்பிச்சுருள் பகுதியை) வெளியே எடுக்கவில்லை. அக்கால ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை) காந்தங்கள், ஆர்மேச்சரைப் பிரித்தால் வலுவிழந்துவிடும்.

உண்மையான சிக்கல் சக்கரங்களில் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எஞ்சின் தயங்கித் தடுக்கியது. ஒரே பக்கத்துச் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தண்டுகளை இருபுறமும் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தில் ஓட்டியபோது சீராகச் சென்றது. இடப்புறத் தண்டை மட்டும் மாட்டியபோதும் குறையில்லை. வலப்புறத்தையும் மாட்டியவுடன் தடுக்கல் திரும்பிவிட்டது. ஏதோ ஓர் அச்சில் இருபுறச் சக்கரங்களுக்கும் இடையிலான கோணம் பிசகியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. அசல் எஞ்சின்களில், ஒரு பக்கப் பிஸ்டன் தன் கோடியில் நின்று தள்ள இயலாதபோது மறுபக்கம் தள்ளுவதற்காக, இருபுறக் கிராங்க் பின்களையும் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளைகளையும்) பொதுவாக 90 பாகை விலக்கி வைப்பார்கள். இத்தகைய மாதிரியில் பிஸ்டன் தோற்றத்துக்கு மட்டுமே, இழுப்பது மோட்டார். ஆகவே கோணம் மிகத் துல்லியமாக 90 பாகையாக இருப்பதைவிட, மூன்று அச்சுகளிலும் ஒன்றுபோல் இருப்பதே முக்கியம்.

ஆரக்கால்களின் ஊடாக மறுபுறச் சக்கரத்தைப் பார்த்து அச்சுகளை ஒப்பிட்டதில், பின் அச்சின் வலச் சக்கரம் தளர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு திரும்பியிருந்தது. அதைக் கழற்றி, மற்ற இரண்டுக்கும் இணையாகத் திருப்பி வைத்து, ஒரு துளி பசையிட்டு, பசை இறுகும்வரை தொடாமல் விட்டேன். தடுக்கல் முற்றிலும் நின்றது.

இத்தகைய குறைக்குச் சிலர் தண்டின் துளையை அரத்தால் அகலப்படுத்திவிடுகிறார்கள். அப்போதைக்கு எஞ்சின் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கோணப் பிசகு அப்படியே இருக்கும், தண்டும் கெட்டுவிடும். அந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

வண்ணப்பூச்சைப் புதுப்பிக்கவில்லை. ஆல்கஹால் பழைய எழுத்துகளையும் கோடுகளையும் கரைத்துவிடக்கூடும் என்பதால், மேற்கூட்டை மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் மட்டுமே துடைத்தேன். கைபட்டுத் தேய்ந்த விளிம்புகள் அதன் வயதைச் சொல்கின்றன; அவை அப்படியே இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வால்வு இயக்கத் தண்டுகளின் ரிவெட்டுகள் சில தேய்ந்து ஆடுகின்றன. அண்டையிலுள்ள மெல்லிய தகடு வளையாமல் அவற்றை மாற்றியவர்கள் தங்கள் முறையை விளக்கினால், அடுத்து அந்த வேலையைத் தொடங்குவேன்.