புக்ல 2,650, என் துப்பாக்கில 2,540: லோடு டேட்டாவும் நிஜ வேகமும், உங்க அனுபவம் சொல்லுங்க

நம்ம ஆளுங்கள்ல தோட்டாவ வீட்டுலயே தயார் பண்ற ரீலோடிங் பண்றவங்க எத்தன பேர்னு தெரியல, ஆனா இத எழுதாம இருக்க முடியல. நான் டெக்சாஸ்ல இருக்கேன். .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், பேரல் 20 இன்ச். ரெண்டு வருஷமா நானே தோட்டா லோடு பண்ணிட்டிருக்கேன், 168 கிரெயின் (கிரெயின்ங்கறது சின்ன எடை அளவு) மேட்ச் புல்லட். நான் போடுற பவுடர் அளவுக்கு மேனுவல்ல செகண்டுக்கு 2,650 அடின்னு போட்டிருந்துச்சு, நானும் அதையே, குண்டு எவ்வளவு கீழ இறங்கும்னு கணக்குப் போடுற பாலிஸ்டிக் ஆப்ல ஏத்தி வச்சுட்டேன். 100 கஜத்துல பக்கா ஜீரோ, குறி வச்ச இடத்துலயே குண்டு. 300ல ஒரு இன்ச் சொச்சம் கீழ போச்சு, சரி என் கைதான்னு விட்டுட்டேன். 500ல பேப்பர் மாட்டி சுட்டா ஆறு இன்ச் கீழ, அதுவும் மூணு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள்ள ஒண்ணா உக்காந்திருக்கு. கை நடுங்குனா சிதறும், இப்படி கூட்டமா கீழ போகாது. அப்பதான் சந்தேகம் வந்துச்சு.

கூட சுடுற ஒருத்தர்கிட்ட ரேடார் க்ரோனோ, அதாவது குண்டு வேகம் அளக்குற கருவி, கடன் வாங்கி பத்து ரவுண்டு சுட்டேன். சராசரி 2,540. புக்க விட 110 அடி கம்மி. எனக்கு மனசே ஆறல, தராச ரெண்டு தடவ செக் வெயிட் வச்சுப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் செஞ்சதுதான் தப்பு. மேனுவல் மாக்ஸுக்கு இன்னும் இடம் இருக்கேன்னு அர கிரெயின் ஏத்தி அம்பது ரவுண்டு ஒரே மூச்சா லோடு பண்ணிட்டேன், ஆகஸ்ட் வெயில்ல ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனேன். 2,575 வந்துச்சு. ஆனா ஆறாவது ரவுண்டுல போல்ட் தூக்க வரல, கைய மடக்கி அடிச்சுதான் தூக்குனேன். கேஸ, அதாவது தோட்டாவோட பித்தளைக் கூட்ட, எடுத்துப் பாத்தா அடிப்பக்கம், எழுத்து பொறிச்சிருக்கிற இடத்துல, பளபளன்னு பிறை மாதிரி ஒரு தேய்ப்பு. நகத்த வச்சு தடவுனா தட்டுப்படுது. அழுத்தம் தாங்காம பித்தளை, சுட்ட கேஸ வெளிய தள்ளுற எஜெக்டரோட ஓட்டைக்குள்ள பிதுங்கிப் போய் வந்த தடம் அது.

பக்கத்து பெஞ்சுல ஒரு பெரியவர் இருந்தார், அவர் அந்த கேஸ வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, “உன் பேரல் எத்தன இன்ச்?”ன்னு மட்டும் கேட்டார். 20னு சொன்னேன். மேனுவல்ல அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லி மேல இருக்கிற சின்ன எழுத்தக் காட்டினார்: டெஸ்ட் பேரல் 24 இன்ச். ரெண்டு வருஷமா நான் தாண்டிப் போன வரி. .308ல ஒரு இன்ச் குறைஞ்சா தோராயமா 20ல இருந்து 25 அடி போகும், நாலு இன்சுக்கே 80, 100 போயிருச்சு. என் துப்பாக்கில ஒரு குறையும் இல்ல. இல்லாத குறைய சரி பண்ணப் போய்தான் அழுத்தத்த ஏத்தி வச்சேன்.

உங்க நம்பர் என்ன, புக்கோட எவ்வளவு வித்தியாசம், எல்லாரும் எழுதுங்க.

———

தம்பி, நீங்கள் சொன்னது சரி, ஆனா பேரல் நீளம் மட்டும் இல்லை. நான் கனடாவில, ஒன்டாரியோவின்ர வடக்குப் பக்கம் நவம்பரில மான் வேட்டைக்குப் போறனான், .30-06. லோட் செய்து பார்த்தது ஜூலையில, வெளியில 28 பாகை. என்ர பேரல் 22 இஞ்சி, அதுக்கு ஏற்ற குறைவைக் கழிச்சுப் பார்த்தா புத்தகக் கணக்கு நல்லா ஒத்துப்போச்சுது, சரி வேலை முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன். நவம்பரில காம்பில நிண்டு காலமை சும்மா சரிபார்ப்பமெண்டு க்ரோனோவைப் பூட்டிச் சுட்டா 70 அடி குறைவு. மைனஸ் 8. துவக்கு அதே, தோட்டா அதே பெட்டி. நான் பாவிச்சது உருண்டை மணி பவுடர், குளிருக்கு அது இறங்கிப்போடும். பிறகு குளிர் வெக்கைக்கு அவ்வளவா மாறாத பவுடருக்கு மாறினன், இப்ப ரெண்டு சீசனுக்கும் 20 அடிக்குள்ளதான் வித்தியாசம்.

உங்கட டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில்ல இதே கதை மற்றப் பக்கம் திரும்பும் எண்டதை மறக்காதேங்கோ. பெட்டியை வெயில்ல வச்சிட்டு, சூடேறின சேம்பருக்குள்ள, அதான் தோட்டா இருக்கிற அறைக்குள்ள, ஒரு ரவுண்டைப் போட்டுக்கொண்டு கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தா அந்த ரவுண்டு மற்றதுகளை விட வேகமாப் போகும். உங்கட ஆறாவது ரவுண்டு அப்பிடித்தானோ தெரியேல்ல.

———

எனக்கு நேர் எதிரா நடந்துச்சு, அதனால இத கட்டாயம் படிங்க. கம்மியா வந்தா மனசுக்குத்தான் கஷ்டம், அதிகமா வந்தாதான் நிஜமா பயப்படணும்.

ஆஸ்திரேலியால இருக்கேன், இங்க நாங்க போடுறது ஏடிஐ ஏஆர்2208ங்கற பவுடர், நியூ சவுத் வேல்ஸ்ல முல்வாலாங்கற ஊர்ல தயாராகுது. அதே பவுடர்தான் அமெரிக்கால ஹாட்ஜ்டன் வர்கெட்னு பேர் போட்டு விக்குது. நானும் .308தான், 22 இன்ச். ரெண்டு வருஷம் புக்க விட 50 அடி கம்மியாவே ஓடிட்டிருந்துச்சு, நான் கண்டுக்கல. ஒரு தடவ கேஸ் தீந்துபோச்சு, யாரோ குடுத்த பழைய மிலிட்டரி 7.62 கேஸ் கொஞ்சம் இருந்துச்சு, கழுவி, சைஸ் பண்ணி, அதே அளவு பவுடர்தான் போட்டேன். க்ரோனோல புக் வேகத்த விட 20 அடி மேல காட்டுச்சு. நான் முதல்ல சந்தோஷப்பட்டேன்ங்க, அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. அந்த கேஸ் சுவர் தடிமன், உள்ள இடம் கம்மி. அதே பவுடர் சின்ன இடத்துல எரிஞ்சா அழுத்தம் எகிறும். .308க்கு எஸ்ஏஏஎம்ஐங்கற அமெரிக்க தோட்டா தர அமைப்பு வச்சிருக்கிற உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ, நான் எங்க போய் நின்னேனோ.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுல அழுத்தம் அளக்க எதுவும் கிடையாது. பிரைமர், அதாவது கேஸ் அடில பவுடர பத்த வைக்கிற சின்ன மூடி, தட்டையாச்சான்னு பாக்குறது நம்பக்கூடிய விஷயம் இல்ல, சில பிரைமர் சாதா லோடுக்கே தட்டையாகும். போல்ட் இறுகுறதுக்குள்ள எல்லை எப்பவோ தாண்டியிருக்கும். நம்ம கையில இருக்கிறது வேகம் ஒண்ணுதான். அழுத்தம் உச்சத்துக்குப் போறது குண்டு மொத சில இன்ச் நகர்றதுக்குள்ளயே, மிச்ச பேரல்ல பவுடர் எரிஞ்ச வாயு விரிஞ்சு தள்ளிட்டே இருக்கும், அவ்வளவுதான். அதனால குட்டை பேரல்ல உச்ச அழுத்தம் அதேதான், தள்ளுற தூரம் மட்டும்தான் கம்மி. 20 இன்ச்ல 24 இன்ச் வேகம் வந்துச்சுன்னா அந்தப் பவுடருக்கு அது சும்மா வராது, அழுத்தம் ஏறித்தான் வந்திருக்கும். புக் வேகத்த நான் இப்ப தாண்டக்கூடாத கோடா மட்டும்தான் பாக்குறேன்.

கேஸ் பிராண்டு மாறுனா, பவுடர் டப்பா லாட் நம்பர் மாறுனா, பிரைமர் மாறுனா, பவுடர் அளவுல பத்து பர்சென்ட் இறங்கி முதல்லேந்து ஏறுங்க. இதுல சோம்பல் வேண்டாம்.

———

ரீலோடிங் பண்ணாதவங்களுக்கும் இது பொருந்தும். என்கிட்ட இருக்கிறது .30-30, லீவர் ஆக்‌ஷன் கார்பைன் (குட்டை ரைபிள்), கடையில வாங்குற 170 கிரெயின் தோட்டா. பெட்டில 2,200னு அச்சடிச்சிருக்கு. எனக்கு 2,080. அதுவும் 24 இன்ச் டெஸ்ட் பேரல் கணக்குதான், ஆனா .30-30 கார்பைன் பெரும்பாலும் 20 இன்ச்லதான வித்துட்டு வர்றாங்க. வாங்குறவன் கைல இருக்கிற துப்பாக்கிய வச்சு அளந்து அந்த நம்பரையும் பெட்டில போட்டா என்ன குறைஞ்சிரும்? எனக்கு இதுல கோவம்தான்.

இன்னொண்ணு, நான் முதல்ல வச்சிருந்தது நிழல் பாத்து அளக்குற பழைய மாடல் க்ரோனோ. மேகம் வந்து போற ஒரு நாள்ல ஒரே பெட்டி தோட்டா 90 அடி ஏறி இறங்குச்சு. தோட்டாவ சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அளக்குற கருவிய சந்தேகப்படுங்க. மூணு ரவுண்டு சுட்டுட்டு சராசரி போடாதீங்க, பத்து ரவுண்டாவது வேணும், இருபது இருந்தா இன்னும் நல்லது.

———

எல்லாருக்கும் நன்றி. ஒன்டாரியோ அண்ணா, அந்த ஆறாவது ரவுண்டுக்கு முன்னாடி நான் டார்கெட் பாக்க பைனாகுலர் எடுத்தேன், ரவுண்டு சேம்பர்லயே கெடந்துச்சு, ரெண்டு நிமிஷமாவது இருக்கும். நீங்க சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அந்த லோடே எல்லை ஓரத்துல இருந்ததாலதான் ரெண்டு நிமிஷ சூட்டுக்கே போல்ட் பிடிச்சிருக்குன்னு இப்ப புரியுது.

மிச்சம் 44 ரவுண்டு இருந்துச்சு. நேத்து ராத்திரி உக்காந்து சுத்தி மாதிரி இருக்கிற புல்லட் புல்லர்ல ஒவ்வொண்ணா தட்டி குண்டக் கழட்டிட்டேன், கேஸ் கழுத்துல மட்டும் லேசா கீறல், குண்டெல்லாம் நல்லாதான் இருக்கு. பழைய அளவுக்கே திரும்ப லோடு பண்ணி இன்னைக்கு காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனேன். பத்து ரவுண்டு, சராசரி 2,538. ஆப்ல 2,650ஐ அழிச்சுட்டு அத போட்டேன், 500 கஜத்துக்கு ஸ்கோப்ப அது சொன்னபடி திருப்பினேன். அஞ்சு குண்டு, அஞ்சும் நடு கோட்டுக்கு ரெண்டு பக்கமும்.

மேனுவல்ல அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்: 20 இன்ச், 2,538, காலை 26 டிகிரி.