தேங்காய்த் தண்ணீர் வினாகிரி: இரவு பகலாகக் காற்றடித்தும் இனிப்பு இறங்கவில்லை

உப்புவெளிக்காரி:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என் பெரியம்மா இடியப்பமும் சம்பலும் செய்து விற்கிறவர். உடைக்கிற தேங்காயின் தண்ணீர் முழுவதும் வாய்க்காலுக்குத்தான் போகும். பின்னேரத்தில் அச்சாறும் போடுவார், அதற்கு வினாகிரியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு பக்கம் கொட்டிக்கொண்டு மறுபக்கம் வாங்குகிறோமே என்று நானே செய்து பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு கல்யாண வீட்டு ஓர்டருக்கு 70 தேங்காய் உடைத்த அன்று 8 லீற்றர் சேர்ந்தது. வடித்து, 800 கிராம் சீனி கரைத்து, ஒரு கொதி விட்டு இறக்கி மூடி வைத்தேன். மறுநாள் காலையில் நன்றாக ஆறிய பிறகு பாண் போடுகிற உலர் ஈஸ்ட் 10 கிராம் சேர்த்தேன். கனடாவில் இருக்கும் அத்தான் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். அவரிடம் கேட்டேன். “காத்துக் குடுக்க வேணும், எல்லாம் அதிலதான் இருக்கு” என்றார். சரி என்று தம்பியின் மீன் தொட்டி மோட்டாரைக் கழற்றி, நுனியில் இருக்கிற கல்லோடு வாளிக்குள் விட்டேன். ஒன்பது நாளாக இரவு பகலாக ஓடுகிறது.

இன்றைக்கும் வாயில் வைத்தால் பாயசம் மாதிரி இனிப்பு. மேலே வெள்ளையாக ஒரு ஏடு, சுருக்கம் விழுந்து கிடக்கிறது, கரண்டியால் தொட்டால் தூளாக உதிர்கிறது. மூடியைத் திறந்தால் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் மணம், கண் எரிகிறது. போன மாதம் 2 லீற்றர் போத்தலில் எந்த மோட்டாரும் இல்லாமல் செய்தபோது இப்படி ஆகவே இல்லை. காற்றுப் போதவில்லையா? பெரிய மோட்டார் வாங்கவா?

மூதூர்த் தம்பி:

ஈஸ்ட் செத்திருக்கும் அக்கா. இன்னொரு பக்கெட் போட்டுப் பாருங்கள்.

உப்புவெளிக்காரி:

அதே பக்கெட்டில் மீதி இருந்ததை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனி போட்டுக் கரைத்துப் பார்த்தேன் தம்பி. பத்து நிமிடத்தில் கோப்பை நிறைய நுரை. ஈஸ்டில் பிழை இல்லை.

மெல்பேர்ண் மால்ட்:

தங்கச்சி, மோட்டாரை முதலில் நிறுத்துங்கள், மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

நானும் திருமலைதான், இப்போது மெல்பேர்ணில். இங்கே வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சத் தடை இல்லை, பல வருடமாகச் செய்கிறேன். உங்கள் அத்தான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ‘எப்போது, எவ்வளவு நேரம்’ என்கிற மறுபாதி உங்களுக்கு வந்து சேரவில்லை.

பியருக்கு முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊற வைத்து இனிப்புத் தண்ணீர் இறக்குவோம். அதற்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணி நேரம் போலக் கொதிக்க வைப்பதால் அதில் கரைந்திருந்த ஒட்சிசன் எல்லாம் வெளியே போய்விடும். உங்கள் தேங்காய்த் தண்ணீருக்கும் ஒரு கொதியிலேயே அதுதான் நடந்திருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஈஸ்டுக்கு அது மூச்சு முட்டுகிற இடம்.

ஈஸ்ட் மதுசாரம் செய்வதற்கு ஒட்சிசன் தேவையில்லை. அது குட்டி போடுவதற்குத்தான் தேவை. ஒரு கலம் இரண்டாகும்போது அதைச் சுற்றிப் புது மென்சவ்வு வேண்டும், அந்தச் சவ்வுக்கு ஸ்டெரோல் என்ற கொழுப்பு வேண்டும், அதை ஒட்சிசன் இல்லாமல் ஈஸ்டால் செய்ய முடியாது. அதனால் வோர்ட்டை நன்றாக ஆறவிட்டு, ஈஸ்ட் போடுகிற நேரத்தில் காற்றைக் கலப்போம். லீற்றருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்தால் போதும். ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்திலேயே எடுத்து முடித்துவிடும். அதோடு காற்றின் வேலை சரி. அதற்குப் பிறகு மூடிவிட வேண்டும். பியரில் பிந்திக் காற்றுப் பட்டால் நனைந்த காட்போட் மட்டையைச் சப்பின மாதிரிச் சுவை வரும். ஒருமுறை அப்படி 20 லீற்றரைப் பழுதாக்கினேன், மனுசி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்று. காற்றை எவ்வளவு ஊதினாலும் தண்ணீர் ஓரளவுக்கு மேல் ஒட்சிசனைப் பிடிக்காது. 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம், 30 பாகையில் ஏறக்குறைய 7.5, சீனி கரைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். மோட்டாரைப் பெரிதாக்குவதால் இந்தக் கணக்கு மாறாது. அரை மணி நேரம் ஓடியிருந்தாலே உங்கள் வாளி நிரம்பியிருக்கும், மிச்ச ஒன்பது நாளும் வேறு யாருக்கோ சோறு போட்டிருக்கிறீர்கள்.

உங்களுடையது உலர் ஈஸ்ட் வேறு. தொழிற்சாலையில் நன்றாகக் காற்றுக் கொடுத்துத்தான் அதை வளர்க்கிறார்கள், கொழுப்பைச் சேமித்துக்கொண்டுதான் பக்கெட்டுக்குள் வருகிறது. வாளியை நாலு குலுக்குக் குலுக்கினாலே அதற்குப் போதும்.

உப்புவெளிக்காரி:

இப்போது இன்னும் குழப்பம் அண்ணை. வினாகிரிக்குக் காற்றுக் கட்டாயம் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே? பானையைத் துணியால் மட்டும் கட்டி வைக்கச் சொல்வது அதற்குத்தானே?

சாம்பல்தீவு மாமி:

பிள்ளை, நீங்கள் இரண்டு அடுப்புச் சமையலை ஒரு சட்டியில் போட்டிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

வினாகிரி ஒரே நேரத்தில் ஆகிற சாமான் இல்லை. முதலில் இனிப்புக் கள்ளாக வேண்டும், அது ஈஸ்டின் வேலை. பிறகு கள் புளிக்க வேண்டும், அது அசற்றிக் அமிலப் பற்றீரியாவின் வேலை. முன்னதற்குத் தொடக்கத்தில் கொஞ்சம் காற்று, பிறகு மூடி. பின்னதற்குக் கடைசிவரை காற்று, ஏனென்றால் அது மதுசாரத்தை ஒட்சிசனோடு சேர்த்துத்தான் அமிலமாக்குகிறது. அந்தப் பற்றீரியா வாளிக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். போன மாதத்து வினாகிரியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதே குசினியில்தானே? அங்கிருந்துதானே மோட்டார் காற்றை இழுக்கிறது? பழ ஈயும் கொண்டு வரும். அந்தக் கல்லையும் நினைத்துப் பாருங்கள், எத்தனை மாதம் மீன் தொட்டிக்குள் கிடந்தது.

உள்ளே நடந்தது இதுதான். ஈஸ்ட் கொஞ்சம் மதுசாரம் செய்தவுடனேயே பற்றீரியா அதைப் புளியாக்கிவிட்டது. புளி கூடினால் ஈஸ்டுக்கு ஆகாது, வேலையை நிறுத்திவிடும். அதனால்தான் இனிப்பு அப்படியே நிற்கிறது. மதுசாரமும் அமிலமும் ஒன்றாக இருக்கிற இடத்தில் எதைல் அசற்றேற்று உண்டாகும், உங்கள் கியூடெக்ஸ் மணம் அதுதான்.

மேலே கிடக்கிற ஏடு வினாகிரித் தாய் இல்லை, அதாவது அந்தப் பற்றீரியா கட்டுகிற ஏடு இல்லை. தாய் வழுவழுப்பாக, இளநீர் வழுக்கை மாதிரி ஒரே துண்டாக நிற்கும். சுருங்கி, மாவு பூத்த மாதிரி உதிர்வது காற்றிலே வளர்கிற வேறு ஈஸ்ட். மோட்டார் ஒன்பது நாள் ஊட்டி வளர்த்தது அதைத்தான்.

இதை ஊற்றிவிடுங்கள். அச்சாறுக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள். வினாகிரி என்றால் குறைந்தது 4 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அச்சாறு கெட்டுப்போகும், ஆட்களுக்கும் வருத்தம் வரும்.

மூதூர்த் தம்பி:

மாமி, கடை வினாகிரியில் ஒரு கோப்பை ஊற்றித் தாய் எடுக்கலாமா?

சாம்பல்தீவு மாமி:

லேபலைப் பாருங்கள் தம்பி. செயற்கை வினாகிரி என்று இருந்தால் அது அசற்றிக் அமிலத்துக்குத் தண்ணீர் கலந்தது, அதில் உயிரே இல்லை. தென்னை வினாகிரி என்று இருந்தாலும் சூடாக்கி அடைத்திருந்தால் பற்றீரியா செத்திருக்கும். அடியில் மண்டி தெரிகிற, சூடாக்காத போத்தல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இவவிடம் போன மாதத்து 2 லீற்றர் இருக்கிறதே, அதைவிட நல்ல தாய் எங்கே கிடைக்கும்?

மெல்பேர்ண் மால்ட்:

அந்த 2 லீற்றர் ஏன் சரி வந்தது என்று யோசித்தேன். தங்கச்சி, சீனி கரைவதற்குப் போத்தலைக் குலுக்கினீர்களா?

உப்புவெளிக்காரி:

ஐயோ, ஓம்! ஈஸ்டும் சீனியும் போட்டு நன்றாகக் குலுக்கிவிட்டு, மூடியை இலேசாகத் திருகி அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு ஒரு கிழமை மறந்தே போனேன்.

மெல்பேர்ண் மால்ட்:

அதுதான். தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அடுத்த முறைக்கு மோட்டாரே வேண்டாம். இரண்டு வாளியைக் கொதிநீர் விட்டுக் கழுவி, தேத்தண்ணீர் ஆற்றுகிற மாதிரி ஒன்றிலிருந்து மற்றதற்கு உயரத் தூக்கி ஊற்றுங்கள், பதினைந்து இருபது தரம். கைபொறுக்கிற சூடுகூட இல்லாமல் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், ஈஸ்டும் செத்துப்போகும். மேலே ஒரு சாண் நுரை நின்றால் போதும். வோர்ட்டுக்கு நானும் இதைத்தான் செய்கிறேன். அப்புறம் மூடியில் ஒரு துளை, அதிலே றப்பர்க் குழாய், குழாயின் மறுநுனி தண்ணீர்க் கிளாசுக்குள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது.

சீனி அளவு சரியாகத்தான் இருக்கிறது. லீற்றருக்கு 17 கிராம் சீனி ஏறக்குறைய 1 சதவீத மதுசாரமாகும். உங்கள் 100 கிராம் 6 சதவீதம் போலக் கொடுக்கும், தேங்காய்த் தண்ணீரின் சொந்த இனிப்பு அதற்கு மேலே. ஒரு சதவீத மதுசாரம் நல்ல மாதிரி நடந்தால் ஒரு சதவீத அமிலம், கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் 4க்குக் கீழே இறங்காது.

முடிந்ததா என்று பார்க்க ஹைட்ரோமீற்றர் இல்லாவிட்டால், பக்கத்தில் மாடு வளர்க்கிற வீட்டில் பால்மானி இரவல் கேளுங்கள். அதுவும் அடர்த்தி பார்க்கிற கருவிதான். சீனி கரைத்த அன்று மிதந்து அளவுக்கு மேலே நிற்கும். சீனி தீரத் தீர அமிழ்ந்து பூச்சியப் பக்கம் வரும்.

நிலாவெளி நண்பர்:

ஒரு விடயம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் செய்வது குற்றம். வினாகிரிக்குத்தான் என்றாலும் இடையில் அது கள்ளாகத்தானே நிற்கிறது. விற்கிற அளவுக்குப் போவதென்றால் முதலில் மதுவரித் திணைக்களத்திலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுவிடுங்கள்.

உப்புவெளிக்காரி:

விற்கிற எண்ணம் இல்லை அண்ணை. ஆனாலும் அச்சாறு வெளியே போகிறபடியால் பெரியம்மாவிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.

உப்புவெளிக்காரி (மூன்று கிழமை கழித்து):

பழையதை ஊற்றிவிட்டேன். இந்த முறை 5 லீற்றர், 500 கிராம் சீனி. வாளிக்கு வாளி ஆற்றினேன். பத்தாவது தரத்திலேயே தோள் விட்டுப்போய்விட்டது, மிச்சத்தைத் தம்பி ஆற்றினான் (மோட்டார் திரும்பக் கிடைத்த சந்தோசத்தில்). நுரை வாளி விளிம்புவரை வந்தது. அன்று பின்னேரமே கிளாசுக்குள் குமிழி தொடங்கிவிட்டது, இரவு படுத்திருந்தால் குசினியில் இருந்து பொளக் பொளக் என்று கேட்கும். கச்சான் காற்று அடிக்கிற வெக்கை நாட்கள், வீட்டுக்குள் 33 பாகை. வாளியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து ஈரத்துணி சுற்றினேன்.

ஆறாம் நாள் குமிழி நின்றது. பால்மானி கிட்டத்தட்டப் பூச்சியத்தில். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், இனிப்பே இல்லை, வெறும் கசப்பும் ஒரு உறைப்பும். போன முறை வந்த கியூடெக்ஸ் மணமும் இல்லை.

மண்டி கலங்காமல் மேலே தெளிந்ததை வாயகன்ற கண்ணாடிச் சாடிக்கு மாற்றி, பழைய வினாகிரி ஒரு லீற்றர் சேர்த்து, வெள்ளைத் துணி கட்டி, வெயில் படாத மூலையில் வைத்தேன். பதினொரு நாளாகிறது. இன்று காலை மேலே ஒரு ஏடு தெரிகிறது. பார்த்தவுடன் நெஞ்சு திக்கென்றது. திரும்பவும் அதுவா?

சாம்பல்தீவு மாமி:

அலுமினியச் சட்டி இல்லையே, நல்லது, புளி அதைத் தின்றுவிடும். சரி, கரண்டி போடாதீர்கள். சாடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஒருக்கால் அசைத்துவிட்டுச் சொல்லுங்கள். உடைகிறதா, ஒன்றாக ஆடுகிறதா?

உப்புவெளிக்காரி:

ஒன்றாக ஆடுகிறது மாமி. மெல்லிசு, கண்ணாடி மாதிரி, ஓரம் மட்டும் சாடியில் ஒட்டியிருக்கிறது. மூக்கை வைத்தால் புளி.

சாம்பல்தீவு மாமி:

அப்போ தாய் வந்துவிட்டா. இனி ஒரு மாதம் சாடியை இடம் மாற்றாதீர்கள், ஏடு அமிழ்ந்தால் காற்றுத் தட்டுப்படாது, முதலில் இருந்து வளர வேண்டிவரும். பெரியம்மாவைத் துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்க விடாதீர்கள்.

உப்புவெளிக்காரி:

அவர் ஏற்கெனவே இரண்டு தரம் பார்த்துவிட்டார்.