ஆய்வுக்கு வருகிறவர்கள் யாரைப் பார்க்கிறார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி அக்கா:

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு. அம்மா போன பிறகு அவனை ஒரு விடுதியில் சேர்த்திருக்கிறோம். எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். போன மாதம் அங்கிருந்து போன் வந்தது. "நாளைக்கு மாவட்டத்துல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க, தம்பிக்கு நல்ல சட்டை ஒண்ணு கொண்டு வாங்கம்மா. முழுக்கையா இருந்தா நல்லது."

சட்டையோடு போனேன். ஆய்வு முடியும்வரை அங்கேயே இருந்தேன். வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, தீயணைப்புக் கருவி, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் பார்த்தார்கள். தலை எண்ணினார்கள். டீ குடித்தார்கள். யாரும் தம்பி பக்கத்தில் உட்காரவில்லை. அவன் முழங்கைக்கு மேலே விரல்கள் பதிந்த மாதிரி கன்றிப் போயிருந்ததை நான் சட்டை மாற்றும்போது பார்த்தேன். அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், அதற்குத்தானே முழுக்கை.

அவர்கள் போன பிறகு பொறுப்பாளரிடம் கேட்டேன். "குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு, கையைப் பிடிச்சு இழுத்தோம். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா தாராளமா கூட்டிட்டுப் போகலாம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு வேறு இடம் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வுக்கு வந்தவர்கள் உங்கள் பிள்ளையிடமோ உறவினரிடமோ நேராகப் பேசியதுண்டா? எழுதுங்கள்.

மதுரை டீச்சர்:

அக்கா, நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. ஆய்வுக் குழுக்களோடு சில முறை துணைக்குப் போயிருக்கிறேன். பதிவேட்டில் எதுவும் கிடைக்காது. நான் முதலில் பார்ப்பது பகல் பதினோரு மணிக்கு எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதைத்தான். கூடம் முழுக்கச் சத்தமே இல்லாமல் படுத்திருந்தால் மாத்திரைக் கணக்கைக் கேட்பேன். யார் எழுதிக் கொடுத்தது, கடைசியாக எப்போது மருத்துவர் பார்த்தார், மருந்துச் சீட்டு எங்கே? "ராத்திரி தூங்கலைன்னா எல்லாருக்கும் அரை மாத்திரை" என்று கூச்சமில்லாமல் சொன்ன ஆயாவும் உண்டு.

அடுத்தது கை. பராமரிப்பவர் அலமாரியிலிருந்து எதையோ எடுக்கக் கையைத் தூக்கும்போது, பக்கத்தில் இருக்கிற பிள்ளை தலையைக் குனிந்து தோளைச் சுருக்கினால் அதற்கு மேல் வாக்குமூலம் தேவையில்லை. பிறகு இரவுப் பணி. பெண்கள் தங்கும் பகுதியில் ராத்திரி யார் இருக்கிறார்கள், குளியலறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பேன். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

பேச வராதவர்களிடம் எப்படி விசாரிப்பது என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். சட்டத்திலேயே வழி இருக்கிறது. போக்சோ சட்டம் 26-வது பிரிவில், மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியரையோ அந்தக் குழந்தையின் பேச்சுமுறை தெரிந்தவரையோ உதவிக்கு அழைக்கலாம். போலீஸ் சீருடையில் வரக் கூடாது என்பது 24-வது பிரிவு. என்னை அப்படி ஒரு தடவை அழைத்தார்கள். காது கேளாத சிறுமி. ஏற்கெனவே வந்திருந்த சைகை மொழிபெயர்ப்பாளர் நல்லவர், ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் சைகை தெரியாது, வீட்டுச் சைகைதான். படங்களை வைத்து, பொம்மையை வைத்து, நடுநடுவே விளையாடவிட்டு ஒரு மதியம் முழுக்க ஆனது. பெண் காவலர் சுடிதாரில் வந்து பொறுமையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதைப் பற்றித் தனிப் பயிற்சி எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை, மனசுதான் காரணம்.

2018-ல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு ஞாபகம் இருக்கும். செவித்திறன் குறைந்த சிறுமி, மாதக்கணக்கில் நடந்த கொடுமை. 2020-ல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தச் சிறுமி இருந்தது விடுதியில்கூட இல்லை, தன் வீட்டில்.

கோவை அப்பா:

என் பையனுக்கு ஆட்டிசம். பகல்நேர மையத்துக்குப் போகிறான். எல்லா இடத்திலும் சிசிடிவி கட்டாயம் என்று போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீராதா? எங்கள் மையத்தில் கேட்டேன், "மத்த பிள்ளைங்க பிரைவசி சார்" என்று மழுப்பிவிட்டார்கள்.

மதுரை டீச்சர்:

சார், கேமரா கூடத்தில் இருக்கும், அடி குளியலறையில் விழும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கீழக்கரை:

தர்கா இருக்கிற ஏர்வாடி எங்களுக்குப் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று நான் பள்ளிக்கூடம் போகிற வயது. விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். ஊரில் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டது ஒன்றுதான்: சங்கிலி எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தர்காவுக்கு வந்தவர் போனவர், வியாபாரி, ஆட்டோக்காரர் என்று எல்லாரும் பார்த்தது. அரசுக்கு மட்டும் தெரியாதா?

அப்போதும் சட்டம் இருந்தது. 1987 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும். தீக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, இங்கிருந்த மற்ற காப்பகங்களையும் மூடினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-வது பிரிவில், எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. பின்னாளில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துவாவோடு (பிரார்த்தனையோடு) சேர்த்து மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. அது நல்ல காரியம். நம்பிக்கையோடு வருகிற குடும்பத்தை விரட்டாமல் பக்கத்திலேயே டாக்டரை உட்கார வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

விழுப்புரத்துக்காரன்:

ஏர்வாடியோடு முடிந்ததா? 2023 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்தில் குண்டலப்புலியூர் ஆசிரமம். அதுவும் அதிகாரிகள் ஆய்வில் கண்டுபிடித்தது இல்லை. சேர்த்துவிட்ட முதியவரைக் காணோம் என்று உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. நூறு பேருக்கு மேல் மீட்டார்கள், பாலியல் கொடுமை புகார்கள் வந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உள்ளே இருப்பவரைத் தேடிக்கொண்டு வெளியிலிருந்து ஒருவர் வந்தால்தான் எதுவும் நடக்கிறது. தேட ஆளில்லாதவர்கள் கதி?

தாலுகா ஆபீஸ் (ஓய்வு):

வருவாய்த் துறையில் இருந்தவன். திருச்சி அம்மா கேட்டதற்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் உபயோகப்படும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 7-வது பிரிவு என்று ஒன்று உண்டு. கொடுமை நடக்கிறது, அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவர் உடனே தடுக்கலாம், மீட்க உத்தரவிடலாம், பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லலாம், பராமரிப்புக்கும் வழி செய்யலாம். நடுவர் என்றதும் கோர்ட் என்று பயப்படாதீர்கள், கோட்டாட்சியர்தான். எங்கள் ஆபீஸிலேயே பலருக்கு இது தெரியாது. ஒரு தடவை, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஆளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். "போலீஸுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருவர்தான் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

கோட்டாட்சியரும் விஏஓவும் போனார்கள், நானும் போனேன். பூட்டியது வேறு யாருமில்லை, அந்த ஆளின் அம்மா. எழுபதை ஒட்டிய வயது. நூறு நாள் வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போவார், வந்து திறந்து சோறு ஊட்டுவார். ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டிருக்கிறான் ஒருமுறை. இதே சட்டத்தில் 92-வது பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறை என்கிறது. அந்த அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம்? மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அங்கேயே மனு எழுதி வாங்கினோம். பகல்நேர மையம் பேருந்து தூரத்தில் இருந்தது, கூட்டிப் போக ஆள் கிடைக்கத்தான் பெரும்பாடு.

சம்பளம் வாங்கிக்கொண்டு அடிக்கிறவர் கதை வேறு. அவரிடம் இரக்கம் காட்ட எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

திருச்சி அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, மனு கொடுத்தால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள், அப்புறம் அங்கிருக்கிற அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று மற்ற பெற்றோர் என்னைத் தடுக்கிறார்கள். அது உண்மையா? தம்பியை வெளியே அனுப்பிவிட்டால்?

தாலுகா ஆபீஸ் (ஓய்வு):

ரத்து செய்ய வேண்டுமானால் முதலில் விடுதிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரத்தானாலும், இருப்பவர்களைக் குடும்பத்திடமோ வேறு இல்லத்துக்கோ மாற்றும்படி உத்தரவிட அதே 2016 சட்டத்தின் 52-வது பிரிவில் இடம் இருக்கிறது. வேறு இல்லத்தில் காலி இடம் இருக்குமா என்பது தனிக் கேள்வி. அந்தப் பயம் நியாயமானதுதான், அதை வைத்துத்தான் அவர்கள் உங்களை மிரட்டுகிறார்கள். ஆய்வுக்கு ஜீப் வாங்குகிற அரசு, மாற்று இடத்துக்கு நாலு கட்டில் போட்டு வைத்தால் பாதிப் பேர் தைரியமாக வாயைத் திறப்பார்கள்.

விடுதியை மூடச் சொல்லி எழுத வேண்டாம். காயத்தை எழுதுங்கள், எந்தக் கை, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று. அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிச் சேருங்கள். ஆய்வு நாளுக்கு முன்பு முழுக்கைச் சட்டை கேட்டதையும் அப்படியே எழுதுங்கள். புகார் கொடுத்த காரணத்துக்காக வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாகக் கேளுங்கள். ஒரு நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு, இன்னொன்று சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. கோட்டாட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மதுரை டீச்சர்:

அக்கா, எந்த நாளில் விசாரணை என்று தெரிந்தால் சொல்லுங்கள். தம்பியோடு உட்கார்ந்து பேச நான் வருகிறேன். அதற்கு முன்னால் அவனுக்குப் பிடித்த சாப்பாடு, பயப்படுகிற விஷயம், வலித்தால் என்ன செய்வான், "இல்லை" என்பதை எப்படிக் காட்டுவான், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.