அப்பாவுக்கு மூணு குழாயிலும் அடைப்பு: ஸ்டென்ட்டா, பைபாஸா?

மூத்தமகள்:
அப்பாவுக்கு 64 வயசு, ரொம்ப வருஷமா சுகர். மாடி ஏறினா நெஞ்சை அழுத்துதுன்னு சொன்னார். ஆஞ்சியோவில் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற மூணு பெரிய குழாயிலும் அடைப்பு. அதுல இதயத்தோட முன்பக்கத்துக்குப் போற எல்ஏடி குழாய்ல ஆரம்பத்திலேயே 90 சதவீதம். டாக்டர் பைபாஸ்தான்னு சொல்றார். தம்பியோ, "நெஞ்சைப் பொளக்கணுமா? ஸ்டென்ட் வச்சா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாமே" என்கிறான். அப்பா வாயே திறக்கல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஐசியு அக்கா:
இதய ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களைப் பார்த்துக்கிற நர்ஸ் நான். சுகர், மூணு குழாய், எல்ஏடி ஆரம்பம். இது மூணும் சேர்ந்துட்டா நான் பைபாஸ் பக்கம்தான்மா.

ஸ்டென்ட்ங்கிறது குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலை. அது வச்ச இடம் மட்டும்தான் திறக்கும். சுகர்காரங்களுக்குக் குழாய் நெடுகவே படிஞ்சிருக்கும். இன்னைக்குப் பாதி அடைச்ச இடம் பின்னாடி முழுசா அடைக்கலாம். பைபாஸ்ல வைக்கிற மாற்றுக்குழாய், அதாவது கிராஃப்ட், அதையெல்லாம் தாண்டிக் கீழே போய்ச் சேருது. மேலே புதுசா அடைச்சாலும் ரத்தம் ஓடும்.

ஸ்டென்ட்டையும் பைபாஸையும் ஒப்பிட்டு 2012ல வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வுல 1,900 சுகர் நோயாளிகள். அஞ்சு வருஷத்துல இறப்பு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் மூணும் சேர்த்து ஸ்டென்ட்டில் 26.6 சதவீதம், பைபாஸில் 18.7. ஆனா பக்கவாதத்தை மட்டும் பார்த்தா பைபாஸில்தான் கூட: 5.2, ஸ்டென்ட்டில் 2.4. இதையும் தம்பிகிட்ட சொல்லிடுங்க.

கடைக்குட்டி:
அக்கா சொல்றது சரி, ஆனா எல்லாருக்கும் அதுவே இல்ல. எங்கம்மாவுக்கு லெஃப்ட் மெயின்ல, அதாவது இதயத்தோட இடது பக்க முதல் குழாய்ல அடைப்பு. வயசும் அதிகம், நுரையீரலும் பலவீனம். ஆபரேஷன் தாங்காதுன்னு ஸ்டென்ட்தான் வச்சாங்க. நல்லா இருக்காங்க. அடைப்பு எவ்வளவு சிக்கலா இருக்குன்னு ஆஞ்சியோவைப் பார்த்துப் போடுற சின்டாக்ஸ் ஸ்கோர் கேளுங்க: 22 வரை குறைவு, 33ல இருந்து அதிகம். அப்புறம், ஸ்டென்ட் வச்சா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற க்ளோபிடோக்ரெல் மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சிடும்.

மூத்தமகள்:
ஸ்கோர் 34ஆம். அப்பா இன்னைக்குத்தான் வாய் திறந்தார். வலியைத் தாங்கணுமேன்னு பயமாம்.

ஐசியு அக்கா:
34ன்னா டாக்டர் சொல்றதுல காரணம் இருக்கு. வலியைப் பத்தி உள்ளதைச் சொல்றேன். முதல் சில நாள் இருமல் வந்தாத்தான் கஷ்டம். தலையணையை நெஞ்சோட இறுக்கி அணைச்சுக்கிட்டு இருமச் சொல்வோம், பாதி வலி குறைஞ்சிடும். நெஞ்செலும்பு ஒண்ணு சேர ஆறு, எட்டு வாரம் ஆகும். அதுவரை கனமா எதையும் தூக்கக் கூடாது. கிராஃப்ட்டுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் கொஞ்ச நாள் வீங்கும். அப்பா பயந்து பேசாம இருந்திருக்கார், பாவம். இதை அவர்கிட்டயே நேரா சொல்லுங்க.

சர்ஜன்கிட்ட ஒண்ணு கேளுங்க: எல்ஏடிக்கு நெஞ்சுக்கு உள்பக்கத் தமனியை கிராஃப்ட்டா வைப்பாங்களான்னு. கால்ல இருந்து எடுக்கிற ரத்தக்குழாய்ல பாதிக்குப் பாதி பத்து வருஷத்துல கெட்டுப்போகும். அந்தத் தமனி பத்துல ஒன்பது பேருக்கு அப்பவும் திறந்திருக்கும். எக்கோ (இதய ஸ்கேன்), கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) ரிப்போர்ட்டையும் கையில வச்சுக்கோங்க.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தினா, தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.