தேக்கு பெஞ்சுல ஸ்டெயின் அடிச்சதும் வெள்ளைத் திட்டு. இன்னொரு பெஞ்சு பாக்கி இருக்குங்க

கோபிக்காரன்:
வணக்கமுங்க. வீட்டு முன்கூடம் ஆசாரத்துல போடத் தேக்குல ரெண்டு பெஞ்சு, பாலிஷ் இல்லாம வெறும் மரமா வாங்குனேன். ஆள் வெச்சாக் கூலி கட்டாதுன்னு நானே இறங்கிட்டேன். 80 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, தூசி தட்டி, மரத்துக்கு நெறம் ஏத்தற வால்நட் ஸ்டெயின் அடிச்சுப்போட்டேன். காலும் சட்டமும் சேர்ற இடத்துல விரல் வெச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. மேல்பலகையில குறுக்கமறுக்கக் கோடு, பூனை பிறாண்டுன கணக்கா. தேய்க்கும்போது ஒண்ணுமே தெரியலீங்க! அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து, ஒறம்பரை பூரா இதுலதான் உக்காரும். ரெண்டாவது பெஞ்சை இன்னும் தொடல.

அவிநாசி ஆசாரி:
திட்டு பசைங்க தம்பி. மூட்டு இறுக்கும்போது பிதுங்குனதை ஈரத்துணியில இழுத்து விட்டிருப்பாங்க. மரத்துல ஊறிட்டா வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயினும் இறங்காது. ரெண்டாவது பெஞ்சைத் தின்னர் தொட்ட துணியில முதல்ல துடைங்க. மரம் கருக்கும், பசை இருக்கற இடம் மட்டும் வெளுத்து நிக்கும். பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டு, காஞ்சதும் உளியில சுரண்டுங்க. வெளிய வெச்சுச் செய்ங்க, பக்கத்துல பீடி, அடுப்பு எதுவும் ஆகாது.

கோட்டுக்குக் காரணம் 80ஓட நிறுத்துனது. அது முரட்டுத் தாள், நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். அடுத்து 120, அப்புறம் 180. முந்துன தாள் போட்ட கோட்டை அடுத்த தாள் அழிக்கணும். தாளைக் கட்டையில சுத்தி, நார் ஓடற வாக்குலயே தேயுங்க. வெறும் விரல்ல தேச்சாப் பள்ளம் விழும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைப் பலகையோட படுக்க வெச்சு அடிச்சுப் பாருங்க, இழைப்பு மிஷின் போட்ட அலைகூடத் தெரியும்.

சென்னிமலை:
400 வரைக்கும் தேச்சாக் கண்ணாடியாட்டம் இருக்குமுங்களே?

அவிநாசி ஆசாரி:
கைக்கு நல்லாருக்கும், ஸ்டெயின் ஊறாது. 180 போதும். பலகையோட வெட்டு முனை மட்டும் ஸ்டெயினை உறிஞ்சிக் கருத்துப்போகும், அங்க 220 போடுங்க.

ஆனைமலை அக்கா:
தண்ணி கலந்த ஸ்டெயினாங்க தம்பி? அப்படின்னா, தேச்சு முடிச்சுட்டு ஈரத்துணியில ஒருக்கா துடைச்சுக் காயவிடுங்க. நார் முள்ளு முள்ளா எழும்பும். அதை 220ல லேசா நீவி விட்டுட்டு அடிச்சா மறுபடி எழும்பாது. இன்னொண்ணு, ஆடிச் சாரல்ல லாக்கர்னு மேல்பூச்சு இருக்குதே, அதை அடிக்காதீங்க. கணவாய்க் காத்து ஈரத்துல என்ற ஊஞ்சப்பலகை பாலாட்டம் வெளுத்துப்போச்சு, ஒரு வாரம் வெசனமா இருந்துச்சு.

கோபிக்காரன்:
தின்னர் துணி போட்டேனுங்கண்ணா. ஏழு எடத்துல வட்டம்! அக்கா, என்றது ஆயில் ஸ்டெயின்தான். மேல வார்னிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது இருக்குதுங்களா? முதல் பெஞ்சை என்ன பண்றது?

அவிநாசி ஆசாரி:
தேக்குல எண்ணெய்ப்பசை உண்டு, வார்னிஷ் காயாம இழுக்கும். அதனால ஸ்டெயின் அடிக்கற அன்னைக்கே தூசி பூரா எடுத்துட்டு, மறுபடி தின்னர்ல துடைச்சு, அது பறந்ததும் வேலையை ஆரம்பிங்க. நாலு நாள் போட்டு வெச்சா எண்ணெய் மேல வந்துரும். ஸ்டெயின் நல்லாக் காஞ்சப்புறம் வார்னிஷ்.

முதல் பெஞ்சுக்கு மேல்பலகையை மட்டும் 80ல இருந்து திரும்பத் தேயுங்க. காலுக்கு உள்பக்கத்துத் திட்டை அப்படியே விடுங்க, காதுகுத்துக்கு வர்றவங்க குனிஞ்சா பாக்கப்போறாங்க?